மழை பெய்யாத மலையில் தோட்டம்



மலையை நினைத்த மாத்திரத்தில் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை அருவியும் சுனையும், மேகம் தவழும் சிகரமும், பாசி படர்ந்த பாறையுமே. குறிஞ்சி நிலத்துக்கு உரிய நீர் அருவியும் சுனையும் என்று நம் முன்னோர் வகுத்துவைத்தார்கள். நீலகிரியையும் பழனிமலையையும் குற்றாலத்தையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வகுப்பு முழுக்க முழுக்க உண்மையாகவே தோன்றும். ஆனால் மலைக்கும் மழைக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் உலகெங்கும் செல்லுபடியாவதன்று. மழையை அபூர்வமாகவே காணும் மலைகளும் உண்டு. அவற்றில் மனிதர் குடியேறி, பார்லியும் கீரையும் கிழங்கும் கனிமரமும் பயிரிட்டுப் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருவதும் உண்டு. அத்தகைய நாடாகிய, நம் தேசத்தின் வடகோடியிலுள்ள லடாக்கில் ஒரு தோட்டக்காரனுடைய வருஷம் எப்படிக் கழிகிறது என்பதையே இன்று உங்கள் முன் விவரிக்க எண்ணுகிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று கடலில் முகந்த நீரையெல்லாம் இமயத்தின் தென் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பெருந்தொடரைத் தாண்டி அப்பால் செல்கிறது. அந்த அப்பாற்பிரதேசத்தில், கடல்மட்டத்துக்குமேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லே நகரம். ஆண்டு முழுவதும் அங்கே விழுகிற மழையையும் பனியையும் ஒன்றுசேர்த்து நீராகக் கணக்கிட்டாலும் சுமார் 100 மில்லிமீட்டருக்குமேல் தேறாது. சென்னைக்குக் கிடைப்பதோ சுமார் 1,400 மில்லிமீட்டர். நம் ஐப்பசி கார்த்திகையில் ஓர் இரவு அடைமழை தருவதை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு வருஷம் குடித்தனம் நடத்த வேண்டும். கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே உண்டு. காற்று மெலிந்திருப்பதனால் பகலில் சூரியன் தோலைப் பொசுக்குகிறான், அவன் மறைந்ததும் பூமி பெற்ற உஷ்ணமெல்லாம் தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்காலத்து இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் தாழ்ந்து குளிர் இறங்குவது அங்கே செய்தியாகாது.

இவ்வளவையும் கேட்டவுடன், அந்நாட்டுச் செடிகொடிகளுக்குப் பரம சத்துரு குளிரே என்று நீங்கள் தீர்மானித்துவிடக் கூடும். சமவெளியிலிருந்து அங்கே சென்று தோட்டம் போடப் புகுபவர் பெரும்பாலும் அப்படித்தான் தீர்மானிக்கிறார்கள். தீர்மானித்து, செடியைக் கம்பளத்தாலும் கோணியாலும் சுற்றிவைத்து, வேருக்கு நீர் விட்டோமா என்பதை மறந்துபோகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. வறண்ட மலைநாட்டில் செடியைக் கொல்வது பெரும்பாலும் தாகம். அதிலும் விசேஷம், அந்தத் தாகம் உச்சத்தை அடைவது கோடையில் அன்று, குளிர்காலத்திலும் அதன் முடிவிலுமே. குளிரோ, அதன் சுபாவத்தை அறிந்து பழகுகிறவனுக்குப் பகையாக இராமல் பெரிய சகாயமாகவே அமைகிறது: நீரைச் சேமித்துத் தருவதும் அதுவே, கனிமரத்தை உரிய காலம்வரை உறங்கவைப்பதும் அதுவே, கிழங்கைக் கெடாமல் காப்பதும் அதுவே.

தாகத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லாவிட்டால் நான் கூறியது விந்தைப்பேச்சாகத் தோன்றும். இலையுதிர்த்து நிற்கும் மரமும் முற்றிலும் செயலற்று நிற்பதன்று. அதன் பட்டையிலும் மொட்டிலும் இருக்கும் ஈரத்தை வறண்ட காற்று இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஊசியிலை மரங்களும், குளிரிலும் இலையுதிர்க்காத புதர்களும் இன்னும் அதிகமாக இழக்கின்றன. பிப்ரவரி மாதத்து வெயில் பளிச்சென்று அடிக்கும் நடுப்பகலில் அவற்றின் இலைகள் கோடைக்காலத்தைப் போலவே நீராவியை வெளிவிடத் தொடங்குகின்றன. இழந்ததை ஈடுசெய்ய வேரால் இயலாது. ஏனெனில் வேரைச் சுற்றியுள்ள ஈரமெல்லாம் உறைந்து கல்லாகிக் கிடக்கிறது. பூட்டிய அறைக்குள் நீர்க்குடத்தை வைத்துவிட்டு வாசலில் நா வறண்டு நிற்பவனுடைய நிலைமைதான் அப்போது மரத்தின் நிலைமை. பனி கனமாக விழும் நாடுகளில் அந்தப் பனிப்போர்வையே மண்ணையும் தண்டையும் மூடிக் காக்கும். லேயைப் போன்ற இடங்களில் அதுவும் சொற்பம். வசந்தத்தில் இலை துளிர்க்காமல், கிளையின் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டு வரும் மரத்தைக் கண்டு, குளிர் கருக்கிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். அநேகமாக அது நவம்பர் மாதத்திலேயே தீர்ப்பாகிவிட்ட வழக்கு.

ஆகவேதான் அந்நாட்டுத் தோட்டக்காரனுடைய வருஷம் வசந்தத்தில் தொடங்குவதில்லை, இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது என்று நான் கணக்கிடுகிறேன். ஆகஸ்டு மாதக் கடைசியிலிருந்தே கனிமரங்களுக்கு நீரைக் கிரமமாகக் குறைத்துவர வேண்டும். உரமிடுவதை அதற்கும் முன்பே, கோடையின் நடுவிலேயே, நிறுத்திவிட வேண்டும். காலம் தாழ்த்தி நீரும் உரமும் ஊட்டினால் மரம் புதுத்தளிர் விட்டுக்கொண்டே போகும். அந்த இளந்தண்டு முற்றி மரத்தன்மை அடைவதற்குள் செப்டம்பர் இறுதியில் உறைபனி வந்து அதை எரித்துவிடும். இவ்வாறு பட்டினி போட்டு உறங்கவைத்த மரத்துக்கு, இலையெல்லாம் உதிர்ந்தபின், மண் உறைவதற்குச் சில நாள் முன்னதாக, ஒரே ஒரு முறை ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும். குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உடனே பாய்ச்ச வேண்டும் என்கிறானே என்று நினைக்காதீர்கள். இலை இருக்கும்போது விடும் நீர் மரத்தை விழிக்கச் செய்வது. இலை உதிர்ந்தபின் விடும் நீர் வேரடியில் குளிர்காலத்துக்கென்று வைக்கும் கட்டுச்சோறு. அன்றியும், ஈரமண் பகல் வெப்பத்தை உலர்ந்த மண்ணைவிட அதிகமாக வாங்கிவைத்துக்கொள்ளும். ஈரமான மண்ணில் உறைதல் மெதுவாகவே கீழிறங்கும். அமெரிக்க நாட்டில் ராக்கி மலைச்சாரலில் உள்ள கொலராடோவிலும் தோட்டக்கலை வல்லுநர் இதே உபாயத்தைத்தான் வற்புறுத்துகிறார்கள்; அங்கே குளிர் சற்று மட்டாக இருப்பதால், பனியில்லாத வாரங்களில், மண் இளகியிருக்கும் மத்தியானப் பொழுது பார்த்து, குளிர்காலத்தின் நடுவிலும் மரங்களுக்கு நீர் விடச் சொல்கிறார்கள்.

அதே காலத்தில் செய்ய வேண்டிய மற்றொரு காரியம் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசுவது. நம் நெடுஞ்சாலைப் புளியமரங்களுக்குப் பூசும் சுண்ணாம்பு வண்டியோட்டிகளின் கண்ணுக்காக. இங்கே பூசுவது மரத்தின் நன்மைக்காக. குளிர்காலத்தில் தாழ்ந்து செல்லும் சூரியன் பிற்பகலில் அடிமரத்தின் தென்மேற்குப் பக்கத்தில் நேராகப் பட்டு அந்தப் பட்டையை மட்டும் சூடாக்கி, உறங்கும் உயிரணுக்களை எழுப்பிவிடுகிறான். மலைக்குப் பின்னால் அவன் மறைந்ததும் சில நிமிஷங்களில் உஷ்ணம் பூஜ்யத்துக்கு வெகு கீழே விழ, விழித்த உயிரணுக்கள் உறைந்து வெடித்துப் போகின்றன. வசந்தத்தில் அந்தப் பக்கத்துப் பட்டை நீளமாகப் பிளந்து நிற்கும். வெண்சுண்ணம் வெயிலைத் திருப்பியடித்து, மரத்தை நிம்மதியாக உறங்கவிடுகிறது. வேரடியில் வைக்கோலோ சருகோ இடும் மூடாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதை மண் உறைவதற்கு முன் இடுவதைவிட உறைந்தபின் இடுவதே மேல். மண்ணின் உஷ்ணத்தைக் காப்பது மூடாக்கின் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே அதன் முக்கிய வேலை, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது. பகலில் இளகுவதும் இரவில் உறைவதுமாக மண் மாறி மாறிப் பொங்கித் தாழும்போது, சிறு செடிகளின் வேர் அறுந்து, செடியே மண்ணுக்குமேல் தூக்கியெறியப்படுவதுண்டு.

அறுவடைக் கிழங்குகளைச் சேமிக்கும் முறை நமக்குப் புதுமையாக இருக்கும். உருளைக்கிழங்கு, முள்ளங்கி, டர்னிப், காரட் முதலியவற்றை வீட்டுக்கருகில் குழி தோண்டி அடுக்கி மண்ணால் மூடிவிடுகிறார்கள். உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கும் அந்தக் குழியில் அவை மார்ச்சு மாதம் பரியந்தம் வாடாமல் இருக்கும். கீரைகளை நிழலில் உலர்த்தி வைக்கிறார்கள். இனி உரத்தைப் பற்றி. இந்தச் சபையில் அதைச் சொல்லக் கூசினால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். லடாக்கிய வீட்டின் மாடியில் கழிப்பறையாக ஓர் அறையும், அதன் தரையில் ஒரு துவாரமும், கீழே ஒரு நிலவறையும் உண்டு. மேலே போவதன்மீது ஒவ்வொரு தடவையும் மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு துளி நீரும் செலவாவதில்லை. மட்கிய அந்த எரு, கால்நடைகளின் சாணத்தோடு சேர்ந்து வயலுக்குப் போகிறது. பாறை நொறுங்கி உண்டான, சத்தற்ற மணலைப் பல தலைமுறைகளில் விளைநிலமாக்கியது அந்த நிலவறைதான். குழாயும் நீர்க்கழிப்பிடமும் ஏராளமாக வந்துவிட்ட இன்றைய லே நகரத்தில், வயல் உரத்தையும் இழந்தது, ஊர் நீரையும் இழந்தது.

குளிர்காலத்தில் தோட்டக்காரனுக்கு வேலை இல்லை என்று நினைப்பது தவறு. அவன் அப்போதுதான் அடுத்த ஆண்டுக்குரிய நீரைத் தேடுகிறான். லடாக்கின் பெரும்பாலான கிராமங்களுக்குச் சிந்து நதி கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஓடினாலும் கைக்கெட்டுவதில்லை, ஏனெனில் அது பள்ளத்தில் ஓடுகிறது. மேலேயுள்ள பனியாறுகளிலிருந்து உருகி வரும் ஓடைகளே அவர்களுக்குக் கதி. அந்தப் பனியாறுகளோ வெகு உயரத்தில் இருப்பதால் ஜூன் மாதத்தில்தான் தாராளமாக உருகத் தொடங்கும். விதைப்பும் நடவும் நிகழ வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். விளைச்சல் காலமே நான்கைந்து மாதம். அதில் நீருக்காக ஒரு மாதம் காத்திருந்தால், விதைத்தது முற்றுவதற்குள் உறைபனி திரும்பி வந்துவிடும். குளிர்காலம் முழுவதும் ஓடைகளில் சிறிது சிறிதாக ஓடி, யாருக்கும் பயன்படாமல் நதியில் போய்ச் சேரும் நீரை என்ன செய்வது என்பதே கேள்வி.

இதற்கு விடை கண்டவர் செவாங் நோர்பெல் என்னும் லடாக்கியர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஒரு சிவில் எஞ்சினீயர். திறந்துவிட்ட குழாயிலிருந்து வழிந்த நீர், பாப்லர் மரங்களின் நிழலில் மெதுவாகப் பரவியபோது கட்டியாக உறைந்து நின்றதைக் கண்டார்; வேகமாக ஓடும் நீர் உறைவதில்லை என்பதையும் கண்டார். நீரை மெதுவாக்கி, மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில் நிறுத்தினால் அது தானே பனியாறாகிவிடும் என்ற அனுமானத்தின்மேல், 1987ஆம் ஆண்டு முதல், வடக்கு நோக்கிய நிழற்சரிவுகளில் கற்சுவர்களைக் கட்டி, ஓடையைத் திருப்பி, செயற்கைப் பனியாறுகளை உண்டாக்கத் தொடங்கினார். இதில் நுட்பம் பனிக்கட்டி ஆக்கியதில் இல்லை. அதை எந்த உயரத்தில் ஆக்கினார் என்பதிலேயே இருக்கிறது. இயற்கைப் பனியாற்றுக்குக் கீழே, கிராமத்துக்குச் சமீபமாக, தாழ்ந்த இடத்தில் அமைந்ததால், இது ஏப்ரல் மாதத்திலேயே உருகி, விதைக்கும் தருணத்தில் வயலுக்கு வந்துவிடுகிறது. 2015ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பின்னர் சோனம் வாங்சுக் என்பவர் 2013-14 குளிர்காலத்தில் இதையே வேறு வழியில் சாதித்துக் காட்டினார். மேலிருந்து குழாய் வழியே இறக்கிய நீர், இறக்கத்தின் அழுத்தத்தினாலேயே, இயந்திரம் எதுவுமின்றி, கீழே ஊற்றாகப் பீறிடும். இரவுக் காற்றில் அது விழுந்து விழுந்து உறைந்து கூம்பாக உயரும். கூம்பு வடிவத்தில் அடங்கியிருக்கும் கனத்தைப் பார்க்க வெயில் படும் பரப்பு குறைவாகையால், நிழலைத் தேடி மலையேற வேண்டியதில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே, வெயில் படும் இடத்திலும், வசந்தத்தின் பின்பகுதிவரை அது நிற்கும். பௌத்தர்களுடைய நாடாகையால் அதற்குப் பனி ஸ்தூபம் என்றே பெயர் வந்துவிட்டது. இவை இரண்டும் பெருகும் நீர்ப்பஞ்சத்துக்கு முழுப் பரிகாரம் என்று நான் சொல்ல வரவில்லை. குழாய் அடைத்து உறைந்துபோவதும், குளிரில் நின்று அதைச் சீர்ப்படுத்த ஆள் கிடைக்காததும் ஆண்டுதோறும் உள்ள தொல்லைகள். குளிரைக் கொண்டே தாகத்தைத் தீர்க்கலாம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேறில்லை என்ற அளவில்தான் சொல்லுகிறேன்.

குளிர்காலத்தின் மற்றொரு வேலை பசுமைக்குடில். கணவாய்கள் பனியால் அடைபட்டு, மாதக்கணக்கில் பச்சைக் காய்கறியே கண்ணில் படாமல் இருந்த நாடு அது. இன்று மண்செங்கல்லால் மூன்று புறமும் கனத்த சுவர் எழுப்பி, தெற்குப் புறத்தை மட்டும் பாலிதீன் தாளால் மூடி, உட்சுவருக்குக் கறுப்பு வண்ணம் பூசிவிடுகிறார்கள். பகலில் சுவர் உறிஞ்சிய உஷ்ணம் இரவில் உள்ளே வெளிப்படுகிறது. லேயிலுள்ள, ராணுவ ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த உயர்மலை ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இன்னும் எளியது: சுமார் 3 அடி ஆழத்துக்கு அகழி தோண்டி, மேலே தாளை விரித்து, மாலையில் கம்பளத்தால் மூடிவிட வேண்டியதுதான். பூமிக்கடியிலுள்ள வெதுவெதுப்பே போதும். ஆண்டில் 300 நாளுக்குமேல் வெயில் காயும் நாடாகையால், வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் உள்ளே பாலக்கும் கொத்துமல்லியும் விறகுச் செலவின்றி வளர்கின்றன. காலையில் கம்பளத்தை எடுக்கவும் மாலையில் மூடவும் மறவாத சிரத்தை ஒன்றே அதற்கு வேண்டிய மூலதனம்.

வசந்தம் வருகிறது. பனி அதிகம் விழும் ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கில் வயலை மூடிய பனி தானாக உருகும்வரை காத்திருக்க மாட்டார்கள். இலையுதிர்காலத்திலேயே உலர்ந்த மண்ணைக் கூரைக்கடியில் சேர்த்துவைத்து, வசந்தத்தில் அதைப் பனியின்மேல் தூவிவிடுகிறார்கள். வெண்பனி திருப்பியனுப்பும் வெயிலைக் கருமண் வாங்கிக்கொள்வதால் பனி பல நாள் முன்னதாகவே கரைந்துவிடுகிறது. பௌதிக சாஸ்திரம் படியாத குடியானவன் கண்ட இந்த உபாயத்துக்கு நான் தலை வணங்குகிறேன். விதைக்கும் நாளை ஊர்ச் சோதிடர் குறித்துக் கொடுக்கிறார். அதற்குப்பின் அதிகாரமெல்லாம் சுர்போன் என்னும் நீர் நிர்வாகியின் கைக்குப் போகிறது. எந்த வயலுக்கு, எந்தப் பொழுதில், எவ்வளவு நேரம் மடையைத் திறப்பது என்பதைத் தீர்மானிப்பவர் அவரே. தேர்ந்தெடுத்தோ முறைவைத்தோ ஊரார் அவரை நியமிக்கிறார்கள். நம் ஏரிப்பாசனக் கிராமங்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் மடை திறந்து பங்கிட்ட முறையை அறிந்தவர்களுக்கு இவர் அந்நியராகத் தோன்ற மாட்டார். நம்மிடையே அந்தப் பதவி பெரும்பாலும் நினைவாகிவிட்டது. அங்கே பல கிராமங்களில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இரவில் வரும் ஓடைநீரை வீணாக்காமல், ஜிங் எனப்படும் சிறு குளங்களில் தேக்கிவைத்துப் பகலில் பாய்ச்சுகிறார்கள். இதற்கு நீர்ச்சேமிப்பு மட்டுமே காரணம் என்று எண்ணுவது போதாது. பனியிலிருந்து அப்போதுதான் பிரிந்து வந்த நீர், முளைவிடும் நாற்றின் வேரில் நேராகப் பட்டால் மண் குளிர்ந்து, வளர்ச்சி நின்றுபோகும். குளத்தில் சில மணி நேரம் வெயில் காய்ந்த நீர் அந்தத் தீங்கைச் செய்யாது. வீட்டுத் தோட்டக்காரரும் இதைக் கைக்கொள்ளலாம்: கறுப்புப் பீப்பாயில் நீரை நிரப்பி வெயிலில் வைத்திருந்து, முற்பகலில் பாத்திக்கு விடுவது உத்தமம். மாலையில் இலையெல்லாம் நனையும்படி தெளிப்பது, அந்தச் சீதோஷ்ணத்தில், செடியை நனைந்த துணியோடு குளிரில் நிறுத்துவதாகும்.

ஏப்ரல் மாதத்தில், சுலி என்று லடாக்கியர் அழைக்கும் ஆப்ரிகாட் மரங்கள் இலை தோன்றுமுன்பே பூத்துவிடுகின்றன. அந்தச் சில வாரங்கள்தான் வருஷத்திலேயே மனக்கலக்கம் மிகுந்தவை. உறங்கும் மொட்டு கடுங்குளிரையும் தாங்கும்; விரிந்த பூவோ பூஜ்யத்துக்குக் கீழே 2, 3 டிகிரி இறங்கினாலே கருகிவிடும். ஆகவே, மரத்தை வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் நன்மை என்ற எண்ணத்தில், தெற்குச் சுவர் ஓரமாக நடுவது பெரும்பாலும் கெடுதலிலேயே முடிகிறது. அங்கே அது சீக்கிரம் ஏமாந்து பூத்து, அடுத்த வாரத்து உறைபனிக்கு இரையாகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் இரவில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்; பள்ளத்து மரத்தில் பூ கருகியிருக்க, சற்று மேட்டிலுள்ள மரத்தில் காய் பிடித்திருப்பதை ஒரே தோட்டத்தில் காணலாம். சரிவின் நடுப்பாகத்தில், குளிர்க்காற்று தங்காமல் வழிந்தோடும்படி கீழ்ப்புறத்துச் சுவரில் இடைவெளி விட்டு நடுவதே தக்கது. பூக்கும் பருவத்துக்கு முன்பு மண்ணை ஈரமாக்கி வைப்பதும் ஓரிரு டிகிரியை மிச்சப்படுத்தும். அந்த ஓரிரு டிகிரியில்தான் விளைச்சலே அடங்கியிருக்கிறது.

காற்றைத் தடுப்பதற்கும், வீட்டுக் கூரைக்கும், விறகுக்கும் வாய்க்கால் ஓரமெல்லாம் வில்லோவும் பாப்லரும் வளர்க்கிறார்கள். கனத்த கழிகளை வெட்டி ஈரமண்ணில் ஆழமாக ஊன்றிவிட்டாலே துளிர்க்கும். ஆடுமாடுகள் பட்டையைத் தின்றுவிடாமல் இருக்க, இளமரத்தைச் சுற்றிப் பழைய தகர டப்பாக்களை வெட்டி மாட்டியிருப்பதைக் காண்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதைவிட மலிவான வேலி கிடையாது.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீரும் வெயிலும் இருந்தால் செடி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் சேர்வதால், முட்டைக்கோசும் முள்ளங்கியும் நம் கண்களுக்கு அதிசயமான பருமனை அடைகின்றன. புதியவர்களைத் திகைக்கவைக்கும் நோய் ஒன்று உண்டு: இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகவே நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இல்லை என்பதன்று இதன் பொருள். மண் காரத்தன்மை உடையதாகையால், இருக்கும் இரும்பை வேர் கிரகிக்க முடியவில்லை. அதற்கு அடுப்புச் சாம்பலைக் கொட்டுவது தீயில் நெய் வார்ப்பதே, சாம்பலும் காரமுடையதாகையால். ஆண்டுதோறும் மட்கிய எருவை ஏராளமாக இடுவதொன்றே நீடித்த பரிகாரம்.

அலங்காரத் தோட்டம் வேண்டுவோர் முதலில் வெளியே சென்று, நீர் பாயாத மலைச்சரிவில் தாமே வளரும் தாவரங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பேன். அங்கே வெள்ளிநிற ரோமம் போர்த்த இலையுடைய மாசிபத்திரி இனங்களும், தரையோடு தரையாகத் திண்டுபோல் படர்ந்த செடிகளும், பல முழம் கீழிறங்கும் வேருடைய முட்புதர்களும் இருக்கும். அவற்றின் ஒவ்வோர் அவயவமும் ஈரத்தை இழக்காதிருப்பதற்கென்றே அமைந்தது. சிந்து, நூப்ரா ஆற்றுக்கரைகளில் மண்டும் சீபக்தார்ன் என்னும் முட்புதர், வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்துத் தன் மணலைத் தானே வளப்படுத்திக்கொள்கிறது. புளிப்பான அதன் ஆரஞ்சு நிறப் பழம் விலைபோகும் சரக்காகிவிட்டது. இளஞ்சிவப்புக் காட்டுரோஜா வேலி ஓரங்களில் தானே பூக்கிறது. டியூலிப் மலர் ஹாலந்து தேசத்துக்கு உரியது என்று நினைப்பவர் பலர். அதன் பூர்வீகம் மத்திய ஆசியாவின் இத்தகைய வறண்ட மலைகளே. கடுங்குளிர்காலமும் உலர்ந்த கோடையும் வேண்டும் அந்தக் கிழங்குக்கு, நாம் வாரி வாரி நீர் விடுவதுதான் அழுகல் நோய். புல்தரையை மட்டும் அங்கே ஆசைப்படாதிருப்பது நலம். நான்கு கழுதைகளுக்கு லூசர்ன் தீவனம் விளையும் நீரை அது குடித்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் தராது.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆப்ரிகாட் பழுக்கிறது. பழம் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காதாகையால் பெரும்பகுதியைக் கூரைமேலும் பாறைமேலும் பரப்பி உலர்த்துகிறார்கள். கொட்டையை உடைத்துப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். வெண்மையான கொட்டையும் மிக்க இனிப்பும் உடைய ரக்சே கார்போ என்னும் ஜாதிக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆப்பிளின் கதை இவ்வளவு மகிழ்ச்சியானதன்று: காட்லிங் என்னும் அந்துப்பூச்சியின் புழு காயைக் குடைந்து செல்வதால், அது மற்றப் பகுதித் தோட்டங்களுக்குப் பரவிவிடாதபடி, லடாக்கின் புதுப்பழங்கள் வெளியே செல்ல நெடுங்காலம் தடை இருந்து வந்தது. உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி அழிப்பதும், அடிமரத்தில் கோணி சுற்றி அதில் ஒடுங்கும் புழுக்களைச் சேகரித்துக் கொல்லுவதும் பூச்சியைக் குறைக்கும் எளிய வழிகள்.

உலர்த்தும் காலத்தில் மழை பெய்யாது என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தது அந்தத் தொழில் முழுவதும். மண்ணால் ஆன தட்டைக் கூரைகளும் அதே நம்பிக்கையின்மேல் எழுந்தவையே. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி நள்ளிரவில் திடீரென்று கொட்டிய மழையும் அதனால் புரண்ட சேற்றுவெள்ளமும் லேயிலும் சுற்றுக் கிராமங்களிலும் 200க்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டுபோயின. அத்தகைய பேரிடர் வேண்டாம், ஆகஸ்டில் இரண்டு நாள் தூறல் விழுந்தாலே போதும், கூரையில் பரப்பிய பழம் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். அதனால் இப்போது, மரச்சட்டத்தில் கண்ணாடியோ பாலிதீனோ பொருத்தி, கீழே காற்று புகவும் மேலே ஈரக்காற்று வெளியேறவும் துவாரம் விட்ட சூரிய உலர்த்திப் பெட்டிகள் பல வீடுகளில் வந்திருக்கின்றன. தூசியும் ஈயும் படாமல் காய்ந்த அந்தப் பழம், பாறையில் காய்ந்ததைவிட நிறம் மங்காமல் இருப்பதால், வியாபாரிகள் அதற்குக் கூடுதல் விலை தருகிறார்கள். வயதானவர்கள் மட்டும் பாறையில் காய்ந்ததற்குள்ள ருசி இதற்கு இல்லை என்கிறார்கள். இரண்டையும் தின்று பார்த்தவன் என்ற முறையில், நான் வயதானவர்கள் கட்சி.